வர்ணம் பூசுமுன் சுவரைப் பக்குவம் செய்க

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. உடம்பைப் பேணுவதற்கு உவமையாகவே இதனைப் பெரும்பாலோர் எடுத்தாளுவர். இங்கே நாம் எடுத்துக்கொள்வது உவமையை அன்று, அதன் நேர்ப்பொருளையே.

நம் சங்கங்களில் நிகழ்ந்துவரும் ஒன்றை அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். கிட்டங்கிக்கும் அலுவலகத்திற்கும் வெளிப்புறம் வர்ணம் பூசப் பொதுப்பேரவை தொகை ஒதுக்குகிறது. வேலை முடிந்த அன்று கட்டிடம் புதியதாய்ப் பொலிகிறது. அடுத்த மழைக்காலம் கழிந்தபின் பார்த்தால், அடிச்சுவரில் உப்புப் பொரிந்திருக்கிறது. சன்னலின் கீழே வர்ணம் தோலாய் உரிந்து தொங்குகிறது. கைப்பிடிச்சுவரின் வெளிமுகத்தில் பாசி கறுத்து வழிகிறது. "வர்ணம் மட்டமானது" என்று சொல்லிவிட்டு, மறுமுறை விலை கூடிய வர்ணத்தை வாங்குகிறோம். அதுவும் அவ்வாறே உரிகிறது.

குறை பெரும்பாலும் வர்ணத்தில் இல்லை. வர்ணம் பூசுமுன் சுவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. பாவுக்குக் கஞ்சியிட்டு ஆற்றாமல் தறியில் ஏற்றும் நெசவாளர் இல்லை. உழுது பண்படுத்தாத நிலத்தில் விதைக்கும் உழவர் இல்லை. ஆயின் சுவர் விஷயத்தில் மட்டும் நாம் முன்வேலையை விட்டுவிட்டு மேல்வேலையை விலைக்கு வாங்குகிறோம். இவ்வழக்கம் நீங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழகுக்காக மட்டும் அன்று

வெளிச்சுவரின் வர்ணத்தை அலங்காரம் என்று கருதுவோர் உளர். சங்கத்தைப் பொறுத்தவரை அது சரக்கைக் காக்கும் போர்வையாகும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை இயல்பாகவே ஏற்கும். நூற்றொழிலில் வழங்கும் கணக்குப்படி, முற்றும் உலர்ந்த 100 கிலோ பருத்தியில் 8.5 கிலோ ஈரம் இருப்பது முறையான அளவு. ஓதம் ஏறிய சுவரின் அருகே அடுக்கிய நூற்கட்டுகள் அந்த அளவைக் கடந்து ஈரம் ஏற்கின்றன. கஞ்சியிட்ட நூலாயின் பூஞ்சணம் எளிதில் பற்றும். அக்கறை சாயமிட்ட பின்னும் மறையாது. நெல்லை நெடுநாள் இருப்பு வைக்க அதன் ஈரம் நூற்றுக்கு 14 பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். யூரியா ஈரத்தில் கட்டியாகும். சிமெண்டு மூட்டையிலேயே கல்லாகும். ஆகவே சுவர் நனைந்தால் நஷ்டம் சுவரோடு நிற்பதில்லை. அது சங்கத்தின் இருப்புக் கணக்கில் ஏறி, அங்கத்தினரின் பங்கு ஈவில் வந்து முடிகிறது.

சுவரின் இயல்பு

இக்காலத்தில் கான்கிரீட் கட்டிடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் சன்ஷேடுகளும் கொண்டு, இடையே செங்கல் அல்லது சிமெண்டுக் கல் அடுக்கி, மேலே சிமெண்டுச் சாந்து பூசிய கட்டிடமாகும். முழுச் சுவரையும் கான்கிரீட்டாகவே வார்ப்பதும் உண்டு. எவ்வகையாயினும் வர்ணம் சந்திப்பது சிமெண்டு முகத்தைத்தான். அம்முகத்திற்கு மூன்று இயல்புகள் உண்டு. இம்மூன்றையும் அறிந்தால் எஞ்சிய வேலை முறைகள் தாமே விளங்கும்.

முதலாவது, அது நீரை உறிஞ்சும். கண்ணுக்குக் கல்லாகத் தோன்றினும் கான்கிரீட்டினுள்ளே நுண்ணிய துளைகள் வலைபோல் பரந்துள்ளன. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் அவை நீரை ஏற்றும்.

இரண்டாவது, அது காரத்தன்மை உடையது. சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. புதுக் கான்கிரீட்டின் கார அளவு பி.எச். 12-க்கு மேல் இருக்கும். தூய நீரின் அளவு 7 மட்டுமே. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும். ஈரம் ஆறாத புதுச்சுவரில் எண்ணெய் வர்ணம் பூசினால், அச்சுவரின் மேலேயே ஒருவகைச் சோப்புத் தயாராகிறது. வர்ணம் பிசுபிசுத்து, நிறம் வெளுத்து, கையோடு வருவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, அதனுள் உப்புகள் உள்ளன. மணல், செங்கல், கலவை நீர், தரை மண் ஆகியவற்றிலிருந்து அவை வருகின்றன. நீர் அவற்றைக் கரைத்து வெளிமுகத்திற்குக் கொணர்கிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் எஞ்சிப் பூக்கிறது. அது வர்ணத்தின் அடியில் பூத்தால் வர்ணத்தைத் தூக்கி எறிகிறது.

காரமும் உப்பும் தீங்கு செய்வது நீரின் துணையாலேயே. எனவே வர்ண வேலையின் முதல் பாடம் நீரைப் பற்றியது.

முதல் வேலை: நீரின் வழியை அடைத்தல்

சுரண்டியையும் தூரிகையையும் எடுக்குமுன், கட்டிடத்தை ஒருமுறை சுற்றி வந்து நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல் வேண்டும். மழை பெய்யும்போதே பார்ப்பது மிகவும் நன்று.

மேலிருந்து தொடங்குக. மொட்டைமாடியின் தூம்பு அடைத்திருக்கிறதா? கைப்பிடிச்சுவரின் தலைப்பூச்சு வெடித்திருக்கிறதா? அதன் வழியே இறங்கும் நீர் பல அடி தாண்டிக் கீழே தலைகாட்டும். கைப்பிடிச்சுவரின் தலை, மாடியின் உட்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் அழுக்கு நீர் வெளிமுகத்தில் வழியாது. சன்ஷேட்டின் அடிப்புறத்தில் விளிம்பை ஒட்டி ஒரு நீர்க்கீற்று ஓட வேண்டும். அக்கீற்று இல்லாவிடில் மழைநீர் அடிப்புறமாக ஊர்ந்து சுவரை அடையும். மழைநீர்க் குழாயின் இணைப்புகள், சன்னல் சட்டத்திற்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்து, கழிப்பறையின் பின்சுவர் ஆகியவற்றையும் பார்த்தல் அவசியம்.

அடிச்சுவரில் மூன்றடி உயரம் வரை ஓதம் தெரிந்தால் அது பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவதாகும். கட்டிடத்தை ஒட்டி மண்ணைக் குவித்திருந்தால் அகற்றி, தரைமட்டத்தைத் தாழ்த்தி, நீர் விலகி ஓடுமாறு சரிவிட வேண்டும். ஓதம் ஏறும் சுவரின் வெளிமுகத்தை அடர்ந்த வர்ணத்தால் மூடிவிட்டால் ஈரம் போய்விடாது. அது இன்னும் மேலே ஏறும். அல்லது உட்புறமாக வெளிப்பட்டு மூட்டைகளைத் தொடும். நோயை உள்ளே அடைத்து வாயிலைப் பூட்டுவது போன்றது அது.

இரண்டாம் வேலை: சுத்தம்

வர்ணம் எதைப் பற்றிக்கொள்கிறதோ அதனோடுதான் நிற்கும். தூசியைப் பற்றினால் தூசியோடு உதிரும். ஆகவே சுவரில் நிலையற்றவை யாவும் நீங்க வேண்டும்.

பழைய பூச்சு: உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெண்பொடி ஒட்டினால் பழைய பூச்சு மாவாகிவிட்டது என்று பொருள். பசைநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தால் வர்ணம் அதனோடு வருகிறதா என்பதும் நல்ல சோதனை. சுண்ணாம்பு அடித்த சுவரில் இக்காலத்து அக்ரிலிக் வர்ணத்தை நேரே பூசலாகாது. பூசினால், சுண்ணாம்பு அடுக்கோடு சேர்ந்து அது பாளம் பாளமாகக் கழன்றுவிடும். சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் சுண்ணாம்பை முற்றும் எடுத்துக் கழுவ வேண்டும். நிலைத்து நிற்கும் பழைய வர்ணத்தை எடுக்க வேண்டியதில்லை; உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பை நீக்கி, விளிம்புகளைச் சமன் செய்தால் போதும்.

பாசியும் பூஞ்சணமும்: இவற்றைச் சுரண்டினால் மட்டும் போதாது, கொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச்சிங் திரவத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, பாசி படர்ந்த இடத்தில் நனைய விட்டு, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்து, நல்ல நீரால் கழுவுக. மரநிழலிலும் வடக்குச் சுவரிலும் பாசி மீண்டும் வரும். கிளைகளைக் கழித்து வெயில் படச் செய்வது இதற்கு உதவும்.

உப்பு: பூத்த உப்பை நீரால் கழுவத் தொடங்குவது தவறு. கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த பிரஷால் துலக்கி, பொடியைத் துணியில் ஏந்தி அப்புறப்படுத்துக. இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கையில் மீண்டும் பூத்திருந்தால், நீரின் வழி இன்னும் அடைபடவில்லை என்று அறிக.

எண்ணெய்: கான்கிரீட் முகத்தில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவிய எண்ணெய் ஒட்டியிருப்பது உண்டு. நீர் தெளித்தால் அது முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் உளது. சோப்புத் தூள் கரைசலால் தேய்த்துக் கழுவி, நீர் உடனே உறிஞ்சப்படும் வரை இதனைத் திரும்பச் செய்க.

சிமெண்டுப் பால்: வார்த்த கான்கிரீட்டின் முகத்தில் மெல்லிய வழவழப்பான ஏடு படிந்திருக்கும். நகத்தால் கீறினால் பொடியாக வரும். இதனைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். சிலர் நீர்த்த அமிலம் இட்டுக் கழுவுவர். அவ்வாறு செய்வதாயின் சுவரை முதலில் நனைத்து, ஒரு பங்கு அமிலத்திற்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் நீர் எடுத்து, நீரினுள் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தினுள் நீரை ஊற்றலாகாது. பின்னர் ஏராளமான நீரால் கழுவ வேண்டும். கம்பி வெளித்தெரியும் இடத்தில் அமிலம் கூடவே கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமிலமும் பிளீச்சிங் கரைசலும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஒன்றைப் பயன்படுத்திய சுவரை நன்கு கழுவி உலரவிடாமல் மற்றொன்றைத் தொடலாகாது. இரண்டையும் ஒரே வாளியில் எடுப்பது உயிருக்கே ஆபத்து.

கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் அந்நீரால் கழுவுவது, உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைப்பதாகும். நாகப்பட்டினம், கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சுவரில் படிவதால், பூசுமுன் நல்ல நீரால் ஒருமுறை கழுவுவது இன்றியமையாதது.

மூன்றாம் வேலை: வெடிப்பும் துருவும்

சிறு சுத்தியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். "பொள்" என்று ஓசை எழும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைப் பட்டியால் மறைத்துப் பயனில்லை. உறுதியான இடம் வரை வெட்டி எடுத்து, விளிம்பை நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த சுத்தமான மணல் சேர்த்துப் புதிதாகப் பூச வேண்டும்.

வெடிப்புகள் யாவும் ஒன்றல்ல. மயிரிழை போன்ற வெடிப்பை நல்ல பிரைமரும் வர்ணமும் மூடிவிடும். அதினும் அகன்றதை, ஆப்பு வடிவில் வெட்டி அகலப்படுத்தி, தூசியை ஊதி, வெடிப்பு நிரப்பியை அழுத்தி நிரப்ப வேண்டும். கான்கிரீட் தூணும் செங்கற்சுவரும் சேரும் இடத்தில் நிற்கும் நேர்க்கோட்டு வெடிப்பு, வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும். அதற்கு இறுகிப்போகும் சிமெண்டு உதவாது. நெகிழும் தன்மையுள்ள நிரப்பியே தேவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகன்ற வெடிப்பைக் கண்டால், அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைக்கவும். சில மாதங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டினால் அஸ்திவாரம் இறங்குகிறதோ என ஐயுற வேண்டும். அது பொறியாளர் பார்க்க வேண்டிய நோய்; வர்ணக்காரர் பார்க்க வேண்டியதன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது கம்பித் துரு. சன்ஷேட்டின் அடியிலும் தூணின் மூலையிலும் பழுப்புக் கறையுடன் நீளவாக்கில் வெடிப்பு ஓடினால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மையே கம்பிக்குக் கவசம். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து கார அளவை 9-க்குக் கீழே இறக்கிவிட்டாலும், கடலுப்பு உட்புகுந்தாலும், அக்கவசம் அழிகிறது. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அவ்வீக்கம் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன்மேல் பட்டியும் வர்ணமும் பூசுவது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவதே. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் தெரியும் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் பளிச்சென்று தெரியும்படி துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சுத் தடவி, பாலிமர் சேர்த்த சாந்தால் அடைக்க வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் பொறியாளரின் யோசனையின்றிக் கை வைக்கலாகாது. சன்ஷேட்டின் கீழேதான் மூட்டை இறக்கும் தொழிலாளர் நிற்கின்றனர் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் வேலை: ஆறவிடுதல்

நம் வேலைகளில் பொறுமை குறைவுபடுவது இங்கேதான். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், வெயில் கடுமையான காலத்திலும் சாம்பல் கலந்த சிமெண்டு வகைக்கும் 10 நாட்களும் நீர்விட்டு ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. புதுப் பூச்சுக்கும் ஒரு வாரம் நீர்விட வேண்டும். அதன்பின் சுவர் உலர வேண்டும். பூசி 28 நாட்கள் ஆகாத சுவரில் அக்ரிலிக் வர்ணம் பூசலாகாது என்பது பொதுவான நியதி. எண்ணெய் வர்ணமாயின் பல மாதங்கள் பொறுக்க வேண்டும்.

நாட்களை எண்ணுவதோடு நில்லாமல் சுவரையே கேட்பது நலம். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியின்றிச் சுவரில் ஒட்டி, மாலை முதல் மறுநாள் காலை வரை, 16 மணி நேரத்திற்குக் குறையாமல் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தாலும், அவ்விடம் கறுத்திருந்தாலும் சுவர் இன்னும் ஆறவில்லை. அடிச்சுவரில் ஒன்று, நடுவில் ஒன்று, கைப்பிடிச்சுவரருகே ஒன்று என மூன்று இடங்களிலேனும் இதனைச் செய்க. காரம் தணிந்ததா என்றறிய, சுவரில் தூய நீர் தடவிப் பி.எச். தாளை ஒட்டிப் பார்க்கலாம். இச்சோதனைகளுக்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவைவிட அதிகமன்று.

பிரைமர், பட்டி, வர்ணம்

எந்த வர்ணம் என்று முடிவு செய்தபின்தான் சுவரை நனைப்பதா உலர்த்துவதா என்று முடிவாகும். சிமெண்டு வர்ணத்திற்குச் சுவர் நனைந்திருக்க வேண்டும். பூசியபின்னும் நீர் தெளிக்க வேண்டும். ஏனெனில் அது நீரால் இறுகுவது. அக்ரிலிக் வர்ணத்திற்குச் சுவர் உலர்ந்திருக்க வேண்டும்; ஏனெனில் அது நீர் ஆவியாவதால் இறுகுவது. இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதால் கெட்ட வேலைகள் பல.

அக்ரிலிக் வர்ணத்திற்குக் காரத்தைத் தாங்கும் வெளிப்புறப் பிரைமர் ஒரு கை அவசியம். பிரைமரை மிச்சப்படுத்தி வர்ணத்தை மூன்று கை அடிப்பது சிக்கனம் ஆகாது. பட்டி பார்க்க வேண்டிய இடங்களில் வெள்ளைச் சிமெண்டு கலந்த வெளிப்புறப் பட்டியையே பயன்படுத்துக. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் எனப்படுவது ஜிப்சத்தால் ஆனது. நீர் பட்டால் இளகும். வெளிச்சுவருக்கு அது ஆகாது. மேலும் வெளிச்சுவர் முழுவதையும் பட்டியால் கண்ணாடியாக்க வேண்டிய தேவை கிட்டங்கிக்கு இல்லை.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய கட்டிடங்களுக்கு வேறு நியதி. அவை ஈரத்தை ஏற்றுப் பின் வெளிவிட்டு மூச்சுவிடும் சுவர்கள். அவற்றை அடர்ந்த வர்ணத்தால் மூடாமல் சுண்ணாம்பே அடித்துவருவது செலவும் குறைவு; சுவருக்கும் நன்மை.

பருவம் பார்த்தல்

பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கம். அதில் ஓர் அறிவு இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் மார்கழியிலும் ஈரமாகவே இருக்கும். சுண்ணாம்புக்கு அவ்வீரம் தீங்கன்று. நனைத்த சுவரில்தான் அது நன்கு பிடிக்கும். அதன் காரம் பாசியையும் கொல்லும். ஆனால் காலம் மாறியது. போர்ட்லண்ட் சிமெண்டு என்னும் பெயரில் ஜோசப் ஆஸ்ப்தின் என்பார் இங்கிலாந்தில் 1824-இல் காப்புரிமை பெற்றார். நெல்லைச் சீமையில் தாழையூத்தில் இண்டியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-இல் இயங்கத் தொடங்கியது. கிராமங்களிலும் சுண்ணாம்புச் சுவர் போய்ச் சிமெண்டுச் சுவர் வந்தது. சுண்ணாம்பு போய் அக்ரிலிக் வந்தது. சுவரும் வர்ணமும் மாறிய பின்னும் நாள் மட்டும் மாறவில்லை. இன்றும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேலை முடிய வேண்டும் என்றே அவசரப்படுகிறோம். தீபாவளியோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது.

ஆகவே சுரண்டுதல், அடைத்தல், சாந்து பூசுதல் ஆகியவற்றைத் தை மாதத்தில் தொடங்கி, சுவர் நன்கு ஆறியபின் மாசி, பங்குனியில் வர்ணம் பூசுவது தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஏற்றது. கொதிக்கும் வெயில் படும் சுவரில் பூசினால் வர்ணம் பிடிக்குமுன் காய்ந்துவிடும். கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் மேற்குச் சுவரை முற்பகலிலும் பூசி, நிழலைத் தொடர்ந்து செல்வது அனுபவசாலிகளின் முறை.

ஒப்பந்தத்தில் செய்ய வேண்டிய திருத்தம்

இனி, சங்க நிர்வாகிகள் சிந்திக்க வேண்டிய விஷயத்திற்கு வருவோம். "சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலை கூறியவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். இம்முறையில் யார் வெல்வார்? சுரண்டவும் கழுவவும் ஆறவிடவும் நாளும் கூலியும் கணக்கிட்டவர் விலை கூடும். அவற்றைச் செய்யாமலே விட எண்ணியவர் விலை குறையும். வர்ணத்தின் அடியில் மறைந்துபோகும் வேலையாதலால் பூசிய அன்று இருவர் வேலையும் ஒன்றாகவே தோன்றும். நேர்மையான தொழிலாளியை நம் கையாலேயே வெளியேற்றிவிட்டு, வேலை நிலைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. விலைப்புள்ளியில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி இனமாகக் கேட்க வேண்டும்: பழைய பூச்சைச் சுரண்டுதல், பாசி நீக்கிக் கழுவுதல், பொள்ளல் வெட்டிப் பூசுதல், வெடிப்பு அடைத்தல், கம்பித் துரு நீக்குதல், பிரைமர் ஒரு கை, வர்ணம் இரண்டு கை. கான்கிரீட், சாந்து முகங்களுக்கு வர்ணம் பூசும் முறையைக் கூறும் ஐ.எஸ். 2395 என்னும் இந்தியத் தர ஏட்டைப் பின்பற்ற வேண்டும் என்று நிபந்தனையில் எழுதிக்கொள்ளலாம். பணத்தையும் அதே வரிசையில் பகுதி பகுதியாகக் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவினர் இருவர் சுவரைத் தடவி, தட்டி, தாள் ஒட்டிப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே பிரைமர் வாளி திறக்கப்பட வேண்டும்.

அளவு கணக்கும் தெரிந்திருத்தல் நன்று. 60 அடி நீளமும் 30 அடி அகலமும் 14 அடி உயரமும் உள்ள கிட்டங்கியை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 180 அடி; வெளிச்சுவர் 2,520 சதுர அடி. கதவு சன்னல்களுக்கு 120 கழித்தால் 2,400 சதுர அடி. வெளிப்புற அக்ரிலிக் வர்ணம் இரண்டு கைக்கு லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி வரை வரும். ஆக 40 முதல் 48 லிட்டர் வரை தேவை. 20 லிட்டர் வாளியில் இரண்டு முதல் இரண்டரை வாளி. வேலை முடிவில் காலி வாளி ஒன்றுதான் இருந்தால், இரண்டாவது கை பெரும்பாலும் தண்ணீர் என்று அறிந்துகொள்ளலாம். முதற்கையின் நிறத்தைச் சற்றே மாற்றிக் கலந்தால், இரண்டாவது கை விடுபட்ட இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தொழிலாளரின் நலத்தையும் மறத்தலாகாது. சாரம் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளதா என்று சங்கமே பார்க்க வேண்டும். உயரத்தில் நிற்போருக்குக் காப்புக் கயிறும், அமிலம் தொடுவோருக்குக் கையுறையும் கண்ணாடியும் இருத்தல் வேண்டும். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய எண்ணெய் வர்ணத்தை உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும், அத்தூசி படும் இடத்தில் குழந்தைகளை விடாதிருப்பதும் கடமையாகும்.

முடிவாக

மேலே கூறியவற்றைச் செய்தால் செலவு கூடுமே என்று சிலர் கேட்கலாம். அந்த ஆண்டில் கூடுவது மெய்யே. ஆயின் சாரம் கட்டும் கூலியும், பூசும் கூலியும், வர்ணத்தின் விலையும் ஒவ்வொரு முறை பூசும்போதும் திரும்பத் திரும்ப வருபவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை உரியும் பூச்சையும், பல ஆண்டுகள் நிற்கும் பூச்சையும் ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் எது சிக்கனம் என்பது சொல்லாமலே விளங்கும்.

அடுத்த பொதுப்பேரவையில் "கட்டிட வர்ணம்" என்று ஒரே வரியில் தொகை வரும்போது, அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, "இதில் சுவரைப் பக்குவம் செய்வதற்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை கூறக்கூடிய சங்கத்தின் சுவரில் வர்ணம் நிலைக்கும். கிட்டங்கியில் நூலும் நெல்லும் உலர்ந்திருக்கும்.